லாரன்ஸ் கல்லறைகளில் கூடைப்பந்து வரலாறு: கல்லை எவ்வளவு நம்பலாம்?

கான்சாஸ் மாநிலம் லாரன்ஸுக்கு மேற்படிப்புக்காகப் புதிதாக வந்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: "கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரின் கல்லறை இந்த ஊரில் இருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை இங்குள்ள கல்லறைத் தோட்டங்களைச் சுற்றி வந்தால் பல்கலைக்கழக விளையாட்டு வரலாறு பிடிபடுமா? கல்லில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?" இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் எனக்கு இது ஒரே கேள்விதான். ஓர் ஊரின் கல்லறையைப் பார்த்தால் அந்த ஊர்க் கல்லூரியில் ஆடியவர்களையும் ஆடவைத்தவர்களையும் எந்த அளவுக்கு உண்மையாகத் தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்கிறீர்கள். நிறையவே முடியும். ஆனால் கல் காட்டுவது ஊரிலேயே தங்கியவர்களை மட்டும்தான். ஊரை விட்டுப் போனவர்களும், அணிக்குள்ளேயே விடப்படாதவர்களும் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுசாகும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். மகள் குடும்பத்தோடு இந்த மாநிலத்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது. வந்த இரண்டாம் வருடத்திலிருந்து, பழைய கல்லறைக் கற்களைப் படம் பிடித்து, எழுத்தை வாசித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வரலாற்றில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. விளையாட்டும் தெரியும், கல் வாசிக்கவும் தெரியும் என்ற அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. லாரன்ஸின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மெமோரியல் பார்க் ஒன்று, ஓக் ஹில் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். மெமோரியல் பார்க்கில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அடக்கமாகியிருக்கிறார். ஓக் ஹில்லில் இருப்பவர் அவருடைய மாணவர் ஃபாரஸ்ட் ஆலன், ஊரார் வாயில் 'ஃபாக்' ஆலன். ஒரு விளையாட்டை உண்டாக்கியவரும், அந்த விளையாட்டுக்குப் பயிற்சியாளர் என்ற தொழிலையே உண்டாக்கியவர் என்று பலர் சொல்லும் மனிதரும் இவ்வளவு பக்கத்தில் படுத்திருப்பது வேறு எந்த விளையாட்டுக்கும் வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் சனிக்கிழமைக்கு இந்த இரண்டு இடங்களே போதும்.

நெய்ஸ்மித் 1861-இல் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காகப் பீச் பழக்கூடை இரண்டை மாட்டி, 13 விதிகளை எழுதி இந்த விளையாட்டைத் தொடங்கினார். பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடிய முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. 1898-இல் மருத்துவப் பட்டத்தோடு லாரன்ஸில் உள்ள கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இங்கே அவரை அழைத்தது கூடைப்பந்து சொல்லித்தர அல்ல. காலை வழிபாட்டை நடத்தவும் உடற்பயிற்சி வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும்தான். அணி பிறகுதான் வந்தது. 1899 பிப்ரவரியில் ஆடிய முதல் ஆட்டத்தில் கான்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ.விடம் 16-5 என்று தோற்றார்கள். 1907 வரை அவர் பார்த்துக்கொண்ட ஆட்டங்களில் வெற்றி 55, தோல்வி 60. இந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் பயிற்சியாளர் அவர் ஒருவர்தான்.

இந்த 55-60 கணக்கைப் பற்றிப் பேசும்போது இங்கே பலர் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில்தான் அவர் மீது மரியாதை கூடியது. உடற்கல்வி ஆசிரியராக இருந்த யாருக்கும் இது புரியும். அவருக்கு ஆட்டம் என்பது பிள்ளைகளின் உடம்பையும் குணத்தையும் வளர்க்கும் ஒரு வழி. ஜெயிக்க வைப்பது தன் வேலை என்று அவர் நினைக்கவில்லை. போதகராகப் பட்டம் பெற்றவர், முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குப் போய் 19 மாதம் வீரர்களோடு இருந்தவர். தன் கண்டுபிடிப்பை வைத்துப் பணம் பண்ணவும் முயலவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டாகச் சேர்ந்தபோது, அதைப் பார்க்க அவர் போவதற்குப் பயிற்சியாளர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அங்கே இறுதி ஆட்டம் திறந்தவெளியில், மழையில் சேறான தரையில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. தான் பிறந்த நாடும் தான் குடியேறிய நாடும் மோதியதை அவர் உட்கார்ந்து பார்த்தார். மூன்று வருடம் கழித்து, 1939 நவம்பர் 28 அன்று லாரன்ஸிலேயே இறந்தார். ஊருக்கு வந்து 41 வருடம் ஆகியிருந்தது.

கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது இந்த 41 வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நடுகல்லில் வீரனின் பெயரோடு அவன் எந்தச் சண்டையில் எதற்காக விழுந்தான் என்பதும் இருக்கும். இங்கத்திய கல் பெரும்பாலும் அப்படிப் பேசாது. பெயர், இரண்டு வருடம், நடுவில் ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் முழு வாழ்க்கையும் இருக்கிறது, அதை நீங்கள்தான் வேறு இடத்தில் தேடி நிரப்ப வேண்டும். அரங்கத்தில் பார்க்கும் சிலையில் ஒரு மனிதர் வெற்றியாளராக மட்டும் தெரிவார். கல்லறையில் அதே மனிதர் கணவர், தகப்பன், இந்த ஊர்க்காரர். பக்கத்தில் ஒரு கடைக்காரர், அந்தப் பக்கம் ஒரு ஆசிரியை, அடுத்து ஒரு கைக்குழந்தை என்று அண்டை வீட்டாரோடு இருப்பார். கல்லூரி விளையாட்டை இப்படிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஆலன் கதை வேறு மாதிரி. 1885-இல் மிசூரியில் பிறந்தவர். பேஸ்பால் நடுவராக இருந்தபோது மூடுபனியில் கப்பலுக்கு ஊதும் சங்கு போன்ற குரல் என்று வந்த பட்டப்பெயர்தான் 'ஃபாக்'. நெய்ஸ்மித்திடம் ஆடினார், பிறகு அவர் இடத்துக்கே வந்தார். 1907 முதல் 1909 வரை, மறுபடி 1919 முதல் 1956 வரை, மொத்தம் 39 பருவங்கள் இங்கே பயிற்சியாளர். இங்கே மட்டும் 590 வெற்றி. 1952-இல் தேசிய சாம்பியன் பட்டம். கூடைப்பந்தை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடியவர்களில் முக்கியமானவர். எலும்பு தசை வைத்தியம் படித்தவர் என்பதால் அடிபட்ட ஆட்டக்காரர்களுக்குத் தானே கை வைத்துப் பார்ப்பார். பின்னாளில் பெரிய கூடைப்பந்து நட்சத்திரமான வில்ட் சேம்பர்லெய்னை மாணவராக இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். ஆனால் 70 வயதானால் ஓய்வு பெற வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தியதால், அந்த நெடிய பிள்ளை முதன்மை அணிக்கு ஆட வருவதற்கு முன்பே பதவியை விட வேண்டியதாயிற்று. 1955-இல் திறந்த அரங்கத்துக்கு உயிரோடு இருந்தபோதே அவர் பெயர் வைத்தார்கள். 1974-இல் இறந்தார்.

அவர் இருக்கும் ஓக் ஹில் தோட்டத்தையும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 1863 ஆகஸ்ட் 21 அன்று குவான்ட்ரில் என்பவனின் கும்பல் இந்த ஊருக்குள் புகுந்து ஏறத்தாழ 150 ஆண்களையும் பையன்களையும் கொன்று ஊரை எரித்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து உண்டானது இந்தத் தோட்டம். அப்போது கொல்லப்பட்டவர்களுக்கு 1895-இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் லூசி ஹாப்ஸ் டெய்லரும் இதே மண்ணில்தான். ஆலனை மட்டும் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் இவ்வளவையும் தவறவிடுவீர்கள்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். கல்லில் உள்ளதில் குடும்பப் பெயரும் இறந்த வருடமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இறப்பு நடந்த கொஞ்ச நாளில் அதை அறிந்தவர்கள் சொல்லி எழுதியது. பிறந்த வருடத்தில் அந்த அளவு உறுதி வேண்டாம். அதைச் சொல்பவர் பிறந்தபோது கூட இருந்தவர் அல்ல. கார்லைல் பழங்குடிப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப்பின் பிறப்பு 1887 என்று ஒரு சான்றும் 1888 என்று இன்னொன்றும் சொல்கின்றன. அடுத்து, பெயரின் நடு எழுத்து, பட்டப்பெயர். நெய்ஸ்மித்தை 'ஜேம்ஸ் ஏ. நெய்ஸ்மித்' என்று பல இடத்தில் பார்ப்பீர்கள். அவருக்கு நடுப்பெயரே கிடையாது, அந்த 'ஏ'யைப் போட்டு அவர் கையெழுத்திட்டதில்லை. யாரோ அலுவலகத்தில் சேர்த்தது, ஒட்டிக்கொண்டது. புகழுரையும் சாதனையும் செதுக்கியிருந்தால் அதை எப்போது, யார் வைத்தார்கள் என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். இறந்து ஐம்பது வருடம் கழித்து ரசிகர்கள் வைத்த கல், குடும்பம் அந்த வாரமே வைத்த கல்லைவிடப் பெரிதாகவும் அழகாகவும் இருக்கும். சாட்சியாக அதன் மதிப்பு குறைவு.

இன்னொன்று, கல் இருக்கும் இடத்துக்கும் வாழ்ந்த இடத்துக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டியதில்லை. ஜிம் தோர்ப் ஓக்லஹோமா மண்ணில் பிறந்தவர். 1953-இல் இறந்தபோது, அவருடைய மனைவி பென்சில்வேனியாவில் இரண்டு சிற்றூர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அந்த ஊர்கள் 1954-இல் ஒன்றாகி 'ஜிம் தோர்ப்' என்று பெயரையே மாற்றிக்கொண்டன, உடலை அங்கே வைத்தார்கள். அவர் வாழாத ஊர் அது. எங்கள் மண்ணுக்குத் தகப்பனைத் திருப்பிக் கொடுங்கள் என்று மகன்கள் வழக்குத் தொடுத்து, 2013-இல் ஒரு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொல்லி, 2014-இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றி, 2015-இல் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்தது. அந்தக் கல்லைப் பார்ப்பவர் அவரை அந்த ஊர்க்காரர் என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு அந்த மகன்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கல்லறையைச் சுற்றி வளரும் கதைகளையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப் 1920 டிசம்பரில் 25 வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தார், மிச்சிகனின் வடக்கே தன் சொந்த ஊர்ப் பக்கம் அடக்கம். எனக்காக ஒரு ஆட்டம் ஜெயியுங்கள் என்று அவர் சாகும்போது கேட்டுக்கொண்டதாகப் பயிற்சியாளர் ராக்னி ஆட்டக்காரர்களிடம் சொன்னது 1928-இல், எட்டு வருடம் கழித்து. கிப் இறந்தது உறுதி. ராக்னி அப்படிப் பேசியதும் உறுதி. கிப் அப்படிக் கேட்டாரா என்பது ராக்னியின் வாய்மொழி மட்டுமே. லாரன்ஸிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஆலன் பயிற்சியாளர் வேலைக்குப் போகிறேன் என்றதும், கூடைப்பந்துக்கு யாரும் பயிற்சி தர முடியாதப்பா, சும்மா ஆடத்தான் முடியும் என்கிற மாதிரி நெய்ஸ்மித் சொன்னதாக எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பேரின் குணத்துக்கும் அது பொருந்துகிறது. அதனாலேயே நான் கூடுதல் கவனமாக இருப்பேன், பொருந்தும் கதைகள்தான் சீக்கிரம் பரவும்.

கையால் செய்யும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேய்ந்த எழுத்தை வாசிக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் போதும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்புங்கள். சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம், பிளீச்சிங், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பழைய பளிங்கு சர்க்கரை மாதிரி உதிரும், ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் ஓர் எழுத்து போய்விடும். தேய்ந்த கல்லில் 1-ஐயும் 7-ஐயும், 3-ஐயும் 8-ஐயும் நானே பலமுறை மாற்றி வாசித்திருக்கிறேன். அதனால் படத்தை எடுத்துக்கொண்டு கல்லறை அலுவலகத்தின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். யார் எந்த மனையில், எந்த நாளில் என்று அதில் இருக்கும். கல்லே இல்லாத குழிகளும் அதில்தான் தெரியவரும். தம்பதியர் கல்லில் ஒருவருக்கு இறந்த வருடம் வெறுமையாக இருந்தால் உயிரோடு இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். மறுமணம் செய்து வேறு ஊரில் அடங்கியிருக்கலாம், செதுக்க ஆள் இல்லாமலும் போயிருக்கலாம். வலைத்தளங்களில் தன்னார்வலர்கள் ஏற்றும் கல்லறைப் படங்கள் பெரிய உதவி. படத்தை நம்புங்கள், கீழே எழுதியிருக்கும் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்த்துவிட்டு நம்புங்கள்.

நட்சத்திரம் ஆகாதவர்கள்தான் கல்லறையில் அதிகம், எனக்கு அவர்கள்தான் முக்கியம். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கிரானைட் கல்லை வாசித்தேன். பெயர், வருடங்கள், ஒரு தேவாலயத்தின் பெயர், அவ்வளவுதான். பதிவேட்டில் இருந்த பெயரை வைத்துப் பழைய மாணவர் ஆண்டு மலரைப் புரட்டியபோது, 1920-களின் அணிப் படத்தில் கடைசி வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஐம்பது வருடம் இந்த ஊரிலேயே வேலை பார்த்திருக்கிறார். ஆடிய நாட்கள் அவர் குடும்பத்துக்குச் செதுக்கத் தோன்றவில்லை, அல்லது அவரே வேண்டாம் என்றிருப்பார். இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் நாளில் எனக்கு வருகிற நிறைவு, நெய்ஸ்மித் கல்லறையில் நிற்கும்போதுகூட வந்ததில்லை.

இனி இல்லாதவர்கள். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கிக்குப் போய் 876 ஆட்டங்கள் ஜெயித்து லெக்சிங்டன் கல்லறையில் இருக்கிறார். 1952 சாம்பியன் அணியில் இருந்த டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 ஜெயித்தார், 2015-இல் இறந்தபோது சேப்பல் ஹில்லில்தான் அடக்கம். லாரன்ஸில் முளைத்த கிளைகள் இப்படி வேறு ஊர் மண்ணில் இருக்கின்றன. ஸ்பிரிங்ஃபீல்டில் முளைத்த இன்னொரு கிளை நம் சென்னைக்கே வந்தது. நெய்ஸ்மித் முதல் கூடையை மாட்டிய அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராகக் கூட்டிப் போனார். எங்கள் தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் அவர் வழியாக நெய்ஸ்மித் ஒரு வகையில் தாத்தா முறை. மெமோரியல் பார்க்கில் நான் முதல்முறை நின்றபோது மனதில் வந்தது இந்த உறவுதான்.

சில நேரம் நினைவு ஓர் ஊரில் இருக்கும், உடல் வேறு ஊரில் இருக்கும். அயோவா ஸ்டேட் கல்லூரியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக் ட்ரைஸ், 1923 அக்டோபரில் மினசோட்டாவோடு நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மிதிபட்டு, இரண்டு நாளில் 21 வயதில் இறந்தார். ஆட்டத்துக்கு முந்தின இரவு, தன் இனத்தின், குடும்பத்தின், தன் மானமும் இதில் இருக்கிறது என்று அவர் தனக்குத் தானே எழுதி வைத்த தாள் கோட்டுப் பையில் இருந்தது. அவரை அடக்கம் செய்தது ஓஹையோவில், பிறந்த ஊர்ப் பக்கம். அவர் ஆடிய ஏம்ஸ் நகரத்துக் கல்லறைகள் முழுக்கச் சுற்றினாலும் அவரைப் பார்க்க முடியாது. அங்கே அரங்கத்துக்கு அவர் பெயர் வந்தது 1997-இல்.

லாரன்ஸிலும் அப்படி ஒருவர் உண்டு. ஜான் மெக்லெண்டன் இந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தார், வழிகாட்டி நெய்ஸ்மித்தேதான். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அவரை இங்கே கூடைப்பந்து அணியில் சேர்க்கவில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு தெற்கே போனார். 1944-இல் டர்ஹமில் அவருடைய கறுப்பின மாணவர் அணி, டியூக் மருத்துவப் பள்ளியின் வெள்ளை மாணவர் அணியோடு பூட்டிய அரங்குக்குள் ஊருக்குத் தெரியாமல் ஆடி 88-44 என்று ஜெயித்தது. 1957 முதல் 1959 வரை டென்னசியில் அடுத்தடுத்து மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கினார். கான்சாஸ் கூடைப்பந்து அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக லவான்ஸ் ஸ்குவைர்ஸ் வந்ததெல்லாம் 1950-களில்தான். கல்லறையை மட்டும் வாசித்தால் இந்த இடைவெளி தெரியவே தெரியாது, கல் யாரையும் விலக்கியதாகச் சொல்லாது.

ஆகவே என் யோசனை இது. காலையில் மெமோரியல் பார்க், வெயில் ஏறுவதற்குள் ஓக் ஹில். பிறகு மலைமேல் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். ஆலன் அரங்கத்துக்கு ஒட்டினாற்போல் டிப்ரூஸ் மையத்தில் நெய்ஸ்மித்தின் 13 விதிகளின் மூலத் தாள்கள் இருக்கின்றன. 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்தது. வேலை நாளில் ஒரு மதியம் ஒதுக்கி ஸ்பென்சர் ஆய்வு நூலகத்துக்கும் போங்கள், பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணங்கள் அங்கேதான். கல்லில் குறித்துக்கொண்ட பெயர்களை வைத்து ஆண்டு மலர்களைப் புரட்டுங்கள். 1936-ஆம் வருடத்து மலர் கைக்கு வரும்போது கூடைப்பந்து அணியின் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த வருடம் பட்டம் வாங்கிய மெக்லெண்டன் அதில் இருக்க மாட்டார்.